நாற்று வாடினால் நஸீபைக் குறை சொல்வதா?

 

எங்கள் மத்ரஸாவின் பின்புறம் இரண்டு சென்ட் காலியிடம் உண்டு. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் இஃப்தார் செய்வோருக்கு நம் பிள்ளைகள் விளைவித்த வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி வைக்கலாம் என்ற நிய்யத்துடன், ரமளானுக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதத்திற்கு முன்பே 98 குழிகள் கொண்ட ஒரு குழித்தட்டில் விதையிட்டோம். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் நிரப்பி, குழிக்கு ஒரு விதை வீதம் பிள்ளைகளே ஊன்றினார்கள். ஐந்தாம் நாளுக்குள் தொண்ணூறு விதைகள் முளைத்துவிட்டன. அல்ஹம்துலில்லாஹ்!

வெள்ளரி நாற்றை விதைத்த பன்னிரண்டு முதல் பதினைந்து நாட்களுக்குள், இரண்டு மூன்று இலைகள் விட்டவுடன் நட்டுவிட வேண்டும். நாங்கள் நடவில்லை. வேலி போடவில்லை என்று ஒரு வாரம் போயிற்று. பிள்ளைகளுக்குத் தேர்வு என்று இன்னொரு வாரம் போயிற்று. வெயிலில் காய்ந்துவிடுமே என்ற இரக்கத்தால் தட்டைத் தாழ்வாரத்து நிழலிலேயே வைத்திருந்தோம். நான்காம் வாரம் பார்த்தபோது நாற்றுகள் ஒரு சாண் உயரத்திற்கு நீண்டு, தண்டு வெளுத்து, நூல்போல் மெலிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன.

பதறிப்போய், அன்று ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு, உச்சி வெயிலிலேயே நாற்பது நாற்றுகளைப் பிடுங்கி நட்டேன். தட்டின் அடியைத் தள்ளி எடுக்காமல் தண்டைப் பிடித்து இழுத்ததால் வேர்கள் அறுந்தன. மூன்றாம் நாள் ஏழே செடிகள் உயிரோடு இருந்தன.

வாடிப்போன பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து, "அல்லாஹ்வின் நாட்டம், நமக்கு நஸீப் இல்லை" என்றேன். தினமும் தண்ணீர் ஊற்றி வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஹஜ்ரத், நாமதானே வெயில்ல நட்டோம்?"

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். இக்கட்டுரை அதன் விளைவே.

தக்தீரை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். நேர்ந்துவிட்ட சோதனையில் ஆறுதலுக்காக விதியை நினைக்கலாம்; செய்த குற்றத்திற்குச் சாக்காக விதியைச் சொல்லக்கூடாது என்று உலமாக்கள் விளக்கியுள்ளார்கள்.

நம் மாவட்டத்திற்கே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது, தலைமுறைகளாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. அப்போது நம் மக்கள் "இன்னா லில்லாஹி" என்று கூறி, அல்லாஹ்வின் ஏற்பாடு என்று பொறுமை கொண்டார்கள். அதுவே சரியான ஈமான். ஆனால் என் தாழ்வாரத்தில் நீண்டு வெளுத்த நாற்று கஜா புயலால் சாயவில்லை. அது என் சோம்பலால் சாய்ந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்வது, தன் குற்றத்தை மறைக்க அல்லாஹ்வின் பெயரைத் திரையாக இழுப்பதாகும்.

திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயத்தை நோக்குங்கள். இப்லீஸ் தவறு செய்தான். நீதான் என்னை வழிகெடுத்தாய் என்று இறைவன் மீதே பழி போட்டான். ஆதம் (அலை) அவர்களும் அவர்களுடைய துணைவியாரும் தவறினார்கள். எங்களுக்கு நாங்களே அநீதி இழைத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். முன்னவன் விரட்டப்பட்டான். பின்னவர்கள் மன்னிக்கப்பட்டார்கள். நாம் யாருடைய பிள்ளைகள் என்பதை நம் நாவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐம்பத்தாறாம் அத்தியாயமாகிய அல்வாகிஆவில், விவசாயத்தைப் பற்றியே அல்லாஹ் நம்மிடம் கேட்கிறான். நீங்கள் பயிரிடுவதைக் கவனித்தீர்களா, அதை முளைக்கச் செய்பவர்கள் நீங்களா அல்லது நாமா என்பது அக்கேள்வியின் கருத்து. உழுது விதைக்கும் செயலை நம்மோடு சேர்த்துச் சொன்னவன், முளைக்கச் செய்யும் செயலைத் தனக்கே உரியதாக்கினான். முளைக்க வைத்தது அவன். அவன் தன் அருளைத் தந்துவிட்டான். உரிய நேரத்தில் எடுத்து நடுவது நம் பங்கு. அதைத்தான் நாம் தவறவிட்டோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை வழியிலேயே அறிந்து உமர் (ரலி) அவர்கள் திரும்ப முடிவெடுத்தபோது, அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைப் பசுமையான கரையில் மேய்ப்பதும் அல்லாஹ்வின் விதிதானே என்றும் கேட்டார்கள். புகாரீயில் உள்ள இச்செய்தி ஒவ்வொரு விவசாயிக்கும் உரியது. நிழலும் அல்லாஹ்வின் விதிதான். வெளிச்சமும் அவன் விதிதான். நாற்றுத்தட்டை எங்கே வைப்பது என்பதை நம்மிடம் விட்டிருக்கிறான்.

மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்து, "தவறு உன்னுடையதல்ல, என்னுடையது" என்று எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு பல்லாண்டுகளாகக் காய்கறி பயிரிடும் பெரியவர் ஒருவரிடம் சென்று, தட்டில் எஞ்சியிருந்த ஐம்பது நாற்றுகளைக் காப்பாற்றும் முறையைக் கேட்டு வந்தேன். வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

வெளிச்சம் போதாத இடத்தில் முளைத்த நாற்று, வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுகிறது. வேருக்கும் இலைக்கும் போக வேண்டிய சத்து நீளத்திற்கே செலவாகிவிடுகிறது. நெருக்கமும் அதிகத் தண்ணீரும் சேர்ந்தால் இந்த நிலை இன்னும் மோசமாகும். இத்தகைய நாற்றை ஒரேயடியாக வெயிலுக்குக் கொண்டுபோனால் கருகிவிடும். முதல் நாள் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என ஐந்தாறு நாட்கள் படிப்படியாகப் பழக்க வேண்டும். அந்நாட்களில் தண்ணீரையும் சற்றுக் குறைக்க வேண்டும். அதற்காக வாடவிடக் கூடாது.

நடுவதற்கு மாலை நேரமே உகந்தது. குழிகளை முன்கூட்டியே வெட்டி, மக்கிய தொழு உரம் இட்டு, நனைத்து வைக்க வேண்டும். நாற்றைத் தண்டைப் பிடித்து இழுக்காமல், தட்டின் அடியை அழுத்தி வேர்க்கட்டியோடு எடுக்க வேண்டும். வெள்ளரியின் வேர் தொந்தரவைத் தாங்காது. தக்காளி நாற்று நீண்டுவிட்டால் தண்டை ஆழமாகப் புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். வெள்ளரியை அப்படி நம்ப முடியாது. முதலில் தோன்றும் இரண்டு விதையிலைகளுக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் மண் அணைக்கலாம். மண்ணில் நீர் தேங்கினால் புதைந்த தண்டு அழுகிவிடும். மெலிந்த தண்டு காற்றில் ஒடியாதிருக்க ஒரு சிறு குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்குப் பனையோலையோ தென்னங்கீற்றோ சாய்த்து நிழல் தர வேண்டும். நம் மாவட்டத்தின் செம்மண்ணில் ஈரம் விரைவில் வற்றிவிடும். வேரைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும்.

இன்னொன்றையும் அப்பெரியவர் வெளிப்படையாகச் சொன்னார். தண்டு ஒடிந்ததையும் வேர் அழுகியதையும் வைத்துக்கொண்டு போராட வேண்டாம். வெள்ளரி சீக்கிரம் முளைக்கக்கூடியது, புது விதையை நேரே குழியில் ஊன்றுங்கள் என்றார். தாமதித்தவன் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதில் வெட்கமில்லை. தவ்பாவும் அப்படித்தானே!

ஐம்பதில் பத்தைக் கழித்தோம். நட்ட நாற்பதில் முப்பத்து மூன்று பிழைத்தன. காலியான குழிகளில் விதை ஊன்றினோம். நோன்பின் தொடக்கத்தில் கிடைத்திருக்க வேண்டிய காய், கடைசிப் பத்தில்தான் கிடைத்தது. ஆனாலும் கிடைத்தது. அந்தச் சிறுவனே முதல் காயைப் பறித்தான்.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட, முந்நூறு பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தருவதும் நாற்பது ஊக்கியா பொருளும் விலையாகப் பேசப்பட்டன. தோழர்கள் முப்பது, இருபது, பத்து என்று கன்றுகளைக் கொண்டுவந்து உதவினார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் குழிகளை வெட்டி முடித்துவிட்டுத் தம்மிடம் தெரிவிக்கச் சொன்னார்கள். பிறகு தாமே வந்து தம் கரங்களால் கன்றுகளை நட்டார்கள். அவற்றுள் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். அது அல்லாஹ்வின் பரக்கத். ஆனால் அந்தப் பரக்கத்திற்கு முன்னால் குழி வெட்டப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். நானோ நாற்றை நீளவிட்டுவிட்டு, வேலி போடுவதையே தள்ளிப்போட்டுக் கொண்டிருந்தேன்.

பெற்றோர்களே! இதை வெள்ளரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளை படிக்கவில்லை என்றால் "அவன் நஸீப்" என்கிறோம். தொழுகையில் நாட்டமில்லை என்றால் "அல்லாஹ் ஹிதாயத் தரவில்லை" என்கிறோம். ஹிதாயத் அல்லாஹ்வின் கையில்தான் இருக்கிறது. ஆயினும் அப்படிச் சொல்வதற்கு முன், நம் பங்கை உரிய நேரத்தில் செய்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? அத்தாவும் அம்மாவும் "நான் தவறிவிட்டேன்" என்று ஒருமுறை சொல்லக் கேட்ட பிள்ளை, தன் தவறையும் ஒளிக்காமல் சொல்லக் கற்றுக்கொள்ளும். எனக்கு அதைக் கற்றுத்தந்தவன் ஒரு பத்து வயது மாணவன்.

காலம் கடந்துவிட்டது என்று கைவிடவும் வேண்டாம். கையில் ஒரு கன்று இருக்கும்போது மறுமை நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்துள்ளார்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்றும் அருளியுள்ளார்கள்.

வல்ல ரஹ்மான், நம் தவறுகளை நாமே ஒப்புக்கொள்ளும் நேர்மையையும், தாமதமானாலும் திருத்திக்கொள்ளும் தவ்ஃபீக்கையும், நம் கைகளில் தந்த அமானத்துகளை உரிய காலத்தில் பேணும் பொறுப்பையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.