கடுகளவு கடி, கையளவு வீக்கம்

ஐப்பசி மழையை ஆவலோடு எதிர்பாராத தமிழ்க் குடும்பம் கிடையாது. கிணறு ஊறும், ஏரி நிரம்பும், வெயிலில் வதங்கிய மனமும் சற்றுக் குளிரும். ஆனால் மழைக்குப் பின்னாலேயே அழையாத விருந்தாளி ஒருவரும் நம் இல்லங்களுக்கு எழுந்தருளிவிடுகிறார். இவருக்கு இலை போட வேண்டியதில்லை. உபசாரம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு வைத்ததும் வந்து, தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொண்டு, காதருகில் ஒரு சங்கீதமும் பாடிவிட்டுப் போவார். கொசுவைத்தான் சொல்கிறோம் என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

பெரியவர்களாகிய நாம் கடித்த இடத்தைச் சொறிந்துவிட்டு மறந்து போகிறோம். இரண்டு வயதுக் குழந்தையின் விஷயம் அவ்வாறன்று. இரவு சிரித்து விளையாடிவிட்டுத் தூங்கிய குழந்தை, காலையில் ஒரு கண் முழுதும் மூடி, கன்னம் உப்பி எழுந்திருக்கிறது. அல்லது புறங்கை பணியாரம் போல் பொங்கிச் சிவந்து கிடக்கிறது. தேகமும் சற்றே சுடுகிறது. தாயாருக்குப் பூரான் கடித்ததோ என்று பயம். பாட்டியாருக்கு விஷக்கடி என்று நிச்சயம். தகப்பனாரோ முன்பொரு சமயம் வாங்கி மிச்சம் வைத்திருந்த கிருமிநாசினி மாத்திரையைத் தேடுகிறார். இம்மூவரில் எவரும் கொசுவைச் சந்தேகிப்பதில்லை. “கொசு கடித்தா இவ்வளவு வீக்கம்?” என்பதே எல்லாருடைய கேள்வி.

கொசு கடித்தும் இவ்வளவு வீக்கம் வரும் என்பதே அதற்குப் பதில். கானடா தேசத்து மானிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த சைமன்ஸ், பெங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், சில சிறு குழந்தைகளுக்குக் கொசுக்கடியால் நேர்ந்த பெரும் வீக்கத்தையும் ஜுரத்தையும் விவரித்து, 1999-ஆம் வருஷத்தில் அதற்கு ‘ஸ்கீட்டர் ஸிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பக்கத்தார் கொசுவைச் செல்லமாக ‘ஸ்கீட்டர்’ என்று அழைப்பது வழக்கம். பெயர் புதிதேயன்றி, வியாதி பழையதுதான்.

வீக்கம் ஏன் வருகிறது?

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டையிடுவதற்கு அதற்கு ரத்தம் வேண்டும். அதன் மூக்கு ஓர் ஊசியன்று. ஆறு நுண்ணிய ஊசிகள் சேர்ந்த ஒரு கட்டு. ஒன்றின் வழியாக ரத்தத்தை உறிஞ்சும்போதே, மற்றொன்றின் வழியாகத் தன் உமிழ்நீரை உள்ளே செலுத்துகிறது. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான பொருள்கள் அந்த உமிழ்நீரில் உள்ளன. நம் சரீரம் அவற்றை அந்நியப் பொருள்கள் என்று கண்டு எதிர்த்துப் போராடுகிறது. தடிப்பும், அரிப்பும், வீக்கமும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்களே அன்றி, கொசு ஏற்றிய விஷத்தின் வேலையல்ல.

அப்படியானால் அதே அறையில் படுத்த பாட்டியாருக்கு ஏன் வீங்கவில்லை? இதற்கு 1946-ஆம் வருஷத்திலேயே கென்னத் மெல்லன்பி என்ற பூச்சி சாஸ்திரி விடை கூறியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் முதலாகக் கொசு கடிக்கும்போது தோலில் ஒன்றும் தெரிவதில்லை. சில கடிகளுக்குப் பிறகு, கடித்த மறுநாள் தடிப்பு உண்டாகிறது. மேலும் கடிபட்டால் உடனே ஒரு தடிப்பும், மறுநாள் ஒரு தடிப்புமாக இரண்டும் வருகின்றன. அதன் பின் மறுநாள் வருவது நின்று, உடனே வருவது மட்டும் மிஞ்சுகிறது. கடைசியில் அதுவும் ஓய்ந்து, சரீரம் சமாதானமாகிவிடுகிறது. பாட்டியார் இந்தப் பாடங்களையெல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே தேறியவர். பேரப்பிள்ளையோ நடுவகுப்பில் இருக்கிறான்.

கொசுவின் ஜாதிக்கு ஜாதி உமிழ்நீரும் ஓரளவு வேறுபடும். வெளிதேசத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வரும்போது, உள்ளூர்க் குழந்தைகளைவிட அதிகமாக வீங்கிப்போவதன் காரணம் இதுவே. “ஊர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்கிறோம். உண்மையில் ஒத்துக்கொள்ளாதது ஊரல்ல, ஊரிலுள்ள கொசு.

கொசு வீக்கமா, சீழ் வீக்கமா?

தாய்மார்கள் முக்கியமாக அறிய வேண்டியது இதுதான். தோலுக்குள் கிருமி புகுந்து உண்டாகும் வீக்கமும் சிவந்து, சூடாக, ஜுரத்தோடு வரும். இரண்டுக்கும் வேற்றுமை தெரியாமற்போனால் இரண்டு விதத்தில் தீங்கு நேரும். கொசு வீக்கத்துக்கு வீணாகக் கிருமிநாசினி மருந்தைக் கொடுப்பது ஒன்று. கிருமி வீக்கத்தைக் கொசுக்கடி என்று அலட்சியமாய் விட்டுவிடுவது மற்றொன்று. பின்னது அதிக அபாயம்.

பொதுவாகக் கடித்த சில மணி நேரத்துக்குள் வீக்கம் தோன்றி, வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்து, நடுவில் கடிவாய் தெரிந்தால் அது பெரும்பாலும் கொசுவின் காரியம். கண்ணிமை, காது, உதடு முதலிய மிருதுவான இடங்களில் வீக்கம் மிகையாகத் தெரியும். ஓரிரு நாளில் வடியத் தொடங்கி, மூன்று முதல் பத்து நாட்களுக்குள் மறையும். சில சமயம் நீர்க்கொப்புளமும் காணும்.

கடித்து ஒரு நாளோ இரண்டு நாளோ சென்ற பிறகு சிவப்புப் பரவத் தொடங்கினால், தொட்டால் குழந்தை வீறிட்டு அழுதால், சீழ் வைத்தால், சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடினால், ஜுரம் ஏறிக்கொண்டே போனால், தாமதமின்றி டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவினால் ஒரு கோடு போட்டு நேரத்தைக் குறித்து வைக்கலாம். கோட்டைத் தாண்டிச் சிவப்பு நாளுக்கு நாள் வளர்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், தேகமெங்கும் தடிப்பு, ஓயாத வாந்தி, மயக்கம் இவை கொசுக்கடியால் வருவது மிக அபூர்வம். வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. 108-ஐ அழைக்க வேண்டியதுதான். ஒவ்வொரு கடியும் கறுத்துப் புண்ணாகி, கடுமையான ஜுரமும் நெறிக்கட்டும் திரும்பத் திரும்ப வருமானால், அதுவும் ரத்தப் பரிசோதனை செய்து ஆராய வேண்டிய விஷயம்.

இன்னொன்று. கொசு வீக்கத்தோடு வரும் ஜுரம் லேசானது. வீக்கமில்லாமல் கடுஞ்ஜுரம் வந்தால், மழைக்காலத்தில் டெங்கு, மலேரியா முதலியவற்றையே முதலில் நினைக்க வேண்டும். அப்போது பாரஸிட்டமால் தவிர, ஆஸ்பிரின், ஐபுப்ரோபென் போன்றவற்றை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது. அவை ரத்தப்போக்கை அதிகப்படுத்தும்.

செய்ய வேண்டிய சிகிச்சை

முதலில் சோப்பும் ஜலமும் கொண்டு கடிவாயைக் கழுவ வேண்டும். பிறகு குளிர்ந்த ஜலத்தில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வைத்து வைத்து எடுக்க வேண்டும். பனிக்கட்டியானால் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். கை காலில் வீக்கமானால் தலையணை மீது சற்று உயர்த்தி வைப்பது நலம். மோதிரம், காப்பு, தண்டை, அரைஞாண் இவை வீக்கத்துக்கு அருகில் இருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். பிறகு கழற்றுவது கஷ்டம்.

அரிப்புக்குக் காலமைன் தடவலாம். வீக்கம் பெரிதானால் வைத்தியர் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிஸோன் களிம்பையும், ஸெட்ரிஸின் போன்ற ஒவ்வாமை மருந்தையும் குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் தக்கபடி எழுதிக் கொடுப்பார். கொசுத் தொல்லை மிகுந்த பின்லாந்தில் டாக்டர்கள் செய்த பரீட்சைகளில், இத்தகைய மருந்தைக் கடிபடுவதற்கு முன்பே கொடுத்தால் தடிப்பும் அரிப்பும் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீங்கி வருந்தும் குழந்தைக்கு இதைப் பற்றி வைத்தியரைக் கேட்பது தகும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த அளவை நம் குழந்தைக்குக் கொடுப்பது தகாது.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது எல்லாவற்றிலும் மலிவான மருந்து. சொறிந்து புண்ணான இடத்தில் கிருமி புகுந்து சிரங்கு வைக்கிறது. சிலவகைக் கிருமிகளால் வந்த சிரங்கு ஆறிய சில வாரங்களுக்குப் பிறகு, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, முகம் வீங்கி, மூத்திரம் கறுத்துப் போவதும் உண்டு. ஆகையால் சிரங்கை அற்பமென்று எண்ணலாகாது.

செய்யத் தகாதவை

கடிவாயில் சுண்ணாம்பு தடவுவது நம்மவர் வழக்கம். பெரியவர் தோல் தாங்கும்; சிசுவின் தோல் வெந்து போகும். பற்பசையும், மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவுவதிலும் எச்சரிக்கை வேண்டும். குழந்தைகள் தடவிய கையை வாயில் வைத்துக்கொள்ளும் இயல்பினர். கற்பூரம் சிறிதளவு வயிற்றில் போனாலும் கொஞ்ச நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். சுவாமி விளக்கருகில் இருக்கும் கற்பூர டப்பியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைப்பது பக்திக்கு ஒரு குறைவும் ஆகாது.

வராமல் காக்கும் வழி

சிகிச்சையைவிடத் தடுப்பே மேல் என்பதில் சந்தேகமில்லை. தடுப்புகளுள் தலைசிறந்தது நம் பாட்டன்மார் உபயோகித்த கொசுவலைதான். தொட்டிலானாலும் தூளியானாலும் வலை முழுதும் மூட வேண்டும்; ஓரங்களைப் படுக்கையின் அடியில் செருக வேண்டும். குழந்தையின் கை வலையைத் தொட்டுக்கொண்டிருந்தால், கொசு வெளியே நின்றபடியே விருந்துண்ணும். மின்விசிறியின் காற்றில் கொசுவால் நன்றாகப் பறக்க முடியாது. ஆகையால் விசிறியும் ஒரு காவல். கை காலை மூடும் தளர்ந்த வெளிர்நிறப் பருத்தி உடை மூன்றாவது காவல்.

தோலில் தடவும் கொசு விரட்டிகளுள் ‘டீட்’ என்பது 1946-ல் அமெரிக்க ராணுவத்தாரின் உபயோகத்துக்கு வந்தது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அது கூடாது என்றும், குழந்தைகளுக்கு நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேற்பட்டது வேண்டாம் என்றும் அந்நாட்டுக் குழந்தை வைத்தியர்கள் கூறுகிறார்கள். பெரியவர் தம் கையில் எடுத்துக்கொண்டு பிறகு குழந்தைக்குத் தடவ வேண்டும். கண், வாய், உள்ளங்கை, புண் இவற்றில் படலாகாது. வீட்டுக்குள் வந்ததும் கழுவிவிட வேண்டும்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகளின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. தொட்டிலின் கீழே சிகரெட்டுப் பிடிக்க எந்தத் தகப்பனாரும் துணியமாட்டார். மூடிய அறையில் சுருளைக் கொளுத்தி வைப்பது மட்டும் எப்படி நியாயமாகும்?

கொசுவின் பிறந்தகம்

பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்லை. மூடாத அண்டா, பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் இவற்றில் தேங்கிய நல்ல ஜலமே அதன் பிரசவ விடுதி. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பிடிக்கும். ஆகையால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்துக் காயவைத்தால் அந்த வம்சம் தழைக்காது. ஜலத்தைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஒட்டிய முட்டைகள் ஜலமின்றியும் பல மாதம் உயிரோடிருக்கும்.

இரவில் ரீங்காரமிடும் கியூலெக்ஸ் கொசு அசுத்த ஜலத்தில் பிறப்பது. சென்னையில் கூவத்தையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் நம் ஒருவரால் சுத்தம் செய்துவிட முடியாதென்பது மெய்தான். ஆயினும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடிகளுக்குள்ளேயே காலங்கழிப்பது. நம் குழந்தையைப் பகலில் கடித்த கொசு, அநேகமாக நம் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும்.

1897-ஆம் வருஷம் ஆகஸ்ட் 20-ந் தேதி, ஸிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர், ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். உலகம் வியந்த அந்த உண்மை நம் தேசத்து மண்ணிலேதான் வெளிப்பட்டது. இத்தனை வருஷங்களுக்குப் பின்னும் மொட்டைமாடியில் கிடக்கும் ஒரு சிரட்டையை நாம் கவிழ்த்து வைக்காமலிருந்தால், குற்றம் அறியாமையின் மீது இல்லை. சோம்பலின் மீதே இருக்கிறது.

கொசுவுக்கு மதில் கிடையாது. வாடகை வீடு, சொந்த வீடு என்ற பேதமும் கிடையாது. நம் வீட்டுத் தொட்டியில் பிறந்தது அடுத்த வீட்டுத் தொட்டிலைத் தேடிப் போகிறது. ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி முடிந்ததும், வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரையும் கூட்டிக்கொண்டு, மாடியையும் கொல்லையையும் ஒரு முறை சுற்றி வாருங்கள். பிறகு அண்டை வீட்டாரையும் அவ்வாறே செய்யச் சொல்லுங்கள். சிறிது மனஸ்தாபம் வந்தாலும் பாதகமில்லை. குழந்தையின் கண் மூடாமல் இருப்பது அதைவிடப் பெரிது.