வழிவழிப் பட்டமும் வழிவழி அடிமையும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே, ஒரு பழங்கோட்டையின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1690ஆம் ஆண்டு ஆங்கில வணிகக் குழுவினர் அக்கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அதற்கு எல்லை வகுத்த முறையைக் கேளுங்கள். கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுட்டனர். குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுந்ததோ அவ்வளவு நிலமும் ஆங்கிலர்க்கே உரியதென்றனர். அவ்வாறு பறிபோன சிற்றூர்கள் 'குண்டு' ஊர்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்றாய் நிற்கிறது. ஊரில் ஏர் பிடித்த உழவனைக் கேட்டவர் எவருமிலர். குண்டு பேசிற்று, ஊர் கைமாறிற்று.

அக்கோட்டைக்கு 1756இல் தலைவனாய் அமர்ந்தவன் இராபர்ட்டு கிளைவு. 1744இல் கணக்கெழுதும் எழுத்தனாய்ச் சென்னைக்கு வந்தவன். 1757ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் வங்கத்துப் பிளாசியில், மாற்றான் படைத்தலைவனைத் தன்பால் இழுத்து, போரினும் மிகுதியாகச் சூழ்ச்சியால் வென்றான். அவ்வெற்றிக்குப் பரிசாக 1762இல் ஆங்கில அரசன் அவனுக்கு அளித்ததே 'பிளாசியின் கிளைவு பிரபு' என்னும் வழிவழிப் பட்டம். அதுவும் அயர்லாந்து நாட்டுப் பட்டம்! அங்குக் கிளேர் மாவட்டத்தில் தான் பெற்ற நிலத்துக்குப் பிளாசி என்றே அவன் பெயரிட்டான். அடிமைப்படுத்திய ஒரு நாட்டின் ஊர்ப்பெயரை, அடிமைப்படுத்திய மற்றொரு நாட்டின் மண்ணில் நட்டுவைத்து, அதன்மேல் ஏறி நின்று 'பிரபு' ஆனான் என்க.

பட்டம் அவனோடு ஒழிந்ததா? இல்லை. 1774இல் அவன் இறந்ததும் அவன் மகன் எட்வர்டு இரண்டாம் கிளைவு பிரபு ஆனான். அவன் எந்தப் போரில் வென்றான்? எந்நூலை எழுதினான்? மூத்த மகனாய்ப் பிறந்தான், அவ்வளவே. அந்த எட்வர்டு கிளைவுதான் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநன். அவன் ஆட்சியிலேயே 1799 அத்தோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் ஆட்சியிலேயே 1801 அத்தோபர் 24ஆம் நாள் மருது உடன்பிறப்பினர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தந்தை பட்டத்தை விட்டுச் சென்றான். மகன் தூக்குக் கயிற்றை விட்டுச் சென்றான். 1804இல் அவனுக்கு இன்னும் உயர்ந்த பவிசுக் கோமகன் பட்டமும் கிடைத்தது. அவன் மகனோ, தாய்மாமனின் பவிசுக் கோட்டைச் செல்வத்தை அடைதற்பொருட்டு 1807இல் கிளைவு என்னும் தன் குடிப்பெயரையே உதறிவிட்டு எர்பர்ட்டு எனப் பெயர் மாற்றிக்கொண்டான். உடைமைக்காகத் தந்தை பெயரையே விற்கும் கூட்டத்தின் குடிப்பெருமை இதுதான்!

இதனைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிளைவின் பேரனே அப்பெயரைக் கைவிட்டான். 1999இல் ஆங்கில நாட்டு நாடாளுமன்றமே, பிறப்புரிமையால் மேலவையில் அமர்ந்திருந்தோருள் 92 பேரை மட்டும் விட்டுவைத்து ஏனையோரை வெளியேற்றிற்று. எஞ்சியோரையும் விலக்குதற்கு 2024இல் அங்குச் சட்ட வரைவு கொண்டுவரப்பட்டது. பட்டம் கொடுத்தவனே வெட்கப்படத் தொடங்கிவிட்டான். தமிழனோ இன்னும் 'கிளைவு பிரபு', 'வெல்லெசுலி பிரபு', 'கர்சன் பிரபு' என்று ஏட்டிலும் மேடையிலும் வாய்மணக்கச் சொல்கிறான். ஆங்கிலத்தில் 'லார்டு' என்றதை வடசொல்லால் 'பிரபு' என்றாக்கி, இரண்டு அடிமைத்தனத்தை ஒரே சொல்லில் சுமக்கிறான். பிரபு என்றால் தலைவன், ஆண்டை என்று பொருள். யாருக்கு ஆண்டை? அப்பட்டத்துக்கு வழித்தோன்றல் ஆங்கில நாட்டில் இன்னும் உண்டு. தமிழன் நாவிலும் அது உயிர்வாழ்கிறது.

கடலூரினின்று தெற்கே சிதம்பரத்துக்கு வருவோம். ஆங்கிலன் தன் நாட்டில் விதைத்த அதே வித்தினை இங்கும் விதைத்தான். அண்ணாமலையார்க்கு 1923இல் 'சர்' பட்டம். 1929இல் 'செட்டிநாட்டு இராசா' என்னும் வழிவழிப் பட்டம். செட்டிநாடு எப்பொழுது அரசாய் இருந்தது? அதற்குப் படை உண்டா? கொடி உண்டா? வணிகத்தால் வளர்ந்த ஊர்களுக்கு இல்லாத அரியணை ஒன்றைக் காகிதத்தில் செய்து கொடுத்தான் ஆங்கிலன். பட்டத்துக்குரிய மகன் 'குமாரராசா' ஆனார். 'சர்' ஆங்கிலம், 'இராசா' வடமொழி. தமிழ் வளர்த்த பெருமகனின் பெயர்க்கு முன்னே தமிழ் மட்டும் நிற்க இடமில்லை!

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். அண்ணாமலையாரின் கொடை பெரிது. சிதம்பரத்தில் 1920இல் கல்லூரி கண்டவர் அவர். 1929இல் அது பல்கலைக்கழகமாக மலர இருபது இலக்கம் உருபா ஈந்தவர் அவர். தமிழ்மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டியவர். 1943இல் தமிழிசைச் சங்கம் எழ முன்னின்றவர். அப்பெருமைகளுள் ஒன்றேனும் ஆங்கிலன் தந்த பட்டத்தால் வந்ததா? ஈந்த கை அவருடையது. 'இராசா' என்னும் ஒட்டுச்சீட்டுத்தான் அயலானுடையது. சீட்டைக் கிழித்தால் கை குறையாது.

பட்டத்தைப் போலவே பல்கலைக்கழகப் பொறுப்பும் வழிவழியாயிற்று என்பதே வருந்தத்தக்கது. நிறுவியவர்க்குப் பின் இணைவேந்தர் பொறுப்பு அவர் கால்வழிக்கே என்று சட்டமே சொல்லிற்று. 1948இல் தந்தைக்குப் பின் முத்தையா, 1984இல் அவர்க்குப் பின் இராமசாமி என அது இறங்கி வந்தது. 2013இல் புதிய சட்டம் இயற்றித் தமிழ்நாட்டு அரசு பல்கலைக்கழகத்தை ஏற்ற பின்னரே அம்முறை ஒழிந்தது. பொன்னும் பொருளும் மகனுக்குப் போகட்டும். கல்வியின் தலைமை எவ்வாறு அரத்த வழியில் போகும்? புலவன் மகன் புலவனாய்ப் பிறப்பதில்லையே!

"தமிழ் வேந்தரும் பட்டம் தந்தனரே" என்பார் சிலர். தந்தனர். படைத்தலைவர்க்கு ஏனாதி, வினைத்திறம் மிக்கார்க்குக் காவிதி, வணிகர்க்கு எட்டி என்று செயலுக்கேற்ற சிறப்பைத் தமிழிலேயே தந்தனர். அது தன் மக்களைத் தன் வேந்தன் பாராட்டியது. இதுவோ, அடிமையின் கழுத்தில் ஆண்டை கட்டிய மணி. இரண்டும் ஒன்றாகா. பிறப்பில் யாவரும் ஒப்பர், செய்தொழிலாலேயே சிறப்பு வேறுபடும் என்று வள்ளுவர் வகுத்த நாட்டில் மூத்த மகன் பட்டத்துக்கு இடமேது?

பட்டத்தை உதறியோரும் இம்மண்ணில் உண்டு. சென்னை அறமன்ற நடுவராயிருந்த சுப்பிரமணியனார் 1918இல் 'சர்' பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுஆண்டு வங்கத்துத் தாகூர் அமிர்தசரசுப் படுகொலையை எதிர்த்து அவ்வாறே செய்தார். மறைமலையடிகளோ 1916இல் பெற்றோர் இட்ட வடமொழிப் பெயரையே விட்டுத் தூய தமிழ்ப்பெயர் பூண்டார். பெற்றோர் இட்ட பெயரையே தமிழுக்காக விட முடிந்ததென்றால், பகைவன் இட்ட பட்டத்தை விடுதற்கு என்ன தடை?

1950 முதல் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக, அரசு பட்டம் வழங்குவதைத் தடுத்துள்ளது. ஆயினும் சென்னையின் 'இராசா அண்ணாமலைபுரம்' அண்ணாமலைபுரமாகவில்லை. சட்டம் ஏட்டைத் திருத்தும். நாவைத் தமிழனே திருத்துதல் வேண்டும்.

1965 சனவரி 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன், இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில் காவலர் குண்டுக்கு இரையானான். 1690இல் கடலூரில் குண்டு சுட்டவன் வழியில் 'பிரபு'க்கள் தோன்றினர். 1965இல் சிதம்பரத்தில் குண்டேற்றவனுக்குப் பட்டமில்லை; கோட்டையில்லை. ஆயினும் தமிழ் என்னும் உடைமைக்கு அவனே உரியவன். அவ்வுரிமை பிறப்பால் இறங்குவதன்று, ஈகத்தால் ஏறுவது. அதற்கு மூத்த மகன், இளைய மகள் என்ற வேறுபாடுமில்லை.

ஆதலின் ஆசிரியர்களே, மாணவர்களே! வரலாற்று ஏட்டில் 'பிரபு' என்று கண்டவிடத்தெல்லாம் கோடிடுங்கள். கிளைவைக் கிளைவு என்றே சொல்லுங்கள். வள்ளலை வள்ளல் என்றே போற்றுங்கள். அயலான் பட்டம் அவனோடே போகட்டும். தமிழன் பெயர் தமிழாய் நிற்கட்டும்!