பிரெஞ்சு படிக்கட்டும், வீட்டுப் பேச்சை நிறுத்தாதீர்கள்

செம்பூர், மாட்டுங்கா பக்கத்து ஆங்கிலப் பள்ளிகள் சிலவற்றில் பிரெஞ்சும் ஒரு பாடம். மார்க் அள்ளலாம் என்று பெற்றோர் அதை எடுக்கச் சொல்கிறார்கள். தாராவியில் இருக்கும் நண்பர் ஒருவர், "எனக்கு இங்கிலீஷே தகராறு. பையனுக்குப் பிரெஞ்சில் நான் என்ன உதவி செய்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பிள்ளைகளைப் பிரெஞ்சிலேயே முக்கி எடுக்கும் பள்ளிக்குப் பேர்போன இடம் கனடா. மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் மன்றாடி 1965-ல் இப்படி ஒரு வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். ஆசிரியை பேசுவது பிரெஞ்சு மட்டுமே. குழந்தைகள் முதலில் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் திட்டு இல்லை. மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட் பல ஆண்டுகள் அவர்களைக் கவனித்தார். பிரெஞ்சும் வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை.

ஏன் கெடவில்லை? வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், டெலிவிஷனிலும் ஆங்கிலம். வகுப்பில் எல்லாருமே பிரெஞ்சு தெரியாதவர்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

நம் பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் சேரும்போது நிலைமை வேறு. பக்கத்தில் இருப்பவன் வீட்டிலேயே ஆங்கிலம் பேசிவிட்டு வருகிறவன். நீச்சல் சொல்லிக் கொடுப்பது வேறு; கிணற்றில் தள்ளிவிடுவது வேறு.

போதாததற்கு, "வீட்டில் தமிழ் பேசாதீர்கள்" என்று ஒரு யோசனையும் வரும். என் மகன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவனுடைய ஆசிரியை அப்படித்தான் சொன்னார். நாங்களும் கேட்டோம். எனக்குத் தெரிந்ததோ ஆபீஸ் ஆங்கிலம். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று ஆரம்பிக்கும் ஆங்கிலம். அதை வைத்துக் குழந்தையிடம் என்ன பேசுவது? ஈட், ஸ்லீப், ஸ்டடி. அதோடு சரி. ஊர்க்கதையோ, என் அப்பா பட்ட பாடோ ஒன்றும் அவனுக்குச் சொல்லவில்லை. இன்று அவனுக்கு நல்ல வேலை. ஆனால் என் தாயார் காலமானபோது ஊரிலிருந்து வந்த கடிதத்தை நான்தான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

நண்பருக்கு வருவோம். பிரெஞ்சு தெரியாமலே அவர் உதவலாம். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். தமிழிலோ இரண்டும் அஃறிணை. நம் பிள்ளைகளுக்கு இது தலைவலி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாராவித் தெருவில் விளையாடும் பையன் மராத்தியில் 'காடி ஆலி', 'டபா ஆலா' என்று யாரும் இலக்கணம் சொல்லித் தராமலே பேசுகிறான். வண்டி பெண், டப்பா ஆண் என்பது அவன் நாக்குக்குத் தெரியும். அதை எடுத்துக் காட்டுங்கள். பிரெஞ்சில் எது எந்தப் பால் என்பதை மட்டும் அவன் மனப்பாடம் செய்யட்டும்.

பிரெஞ்சில் எழுதியதை எல்லாம் உச்சரிப்பதில்லை. கடைசி எழுத்தைப் பல இடங்களில் விழுங்கிவிடுவார்கள். சில ஒலிகள் மூக்கால் வரும். புத்தகம் இதைச் சொல்லித் தராது. செல்போனில் பிரெஞ்சுக்காரர் பேச்சைப் போட்டுத் தினம் கால் மணி நேரம் கேட்கச் சொல்லுங்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும், இன்றைக்கு என்ன பாடம் என்று தமிழில் கேளுங்கள். தமிழில் விளக்கினால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். தடுமாறினால் மறுநாள் ஆசிரியையிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். இதற்கு டியூஷன் பணம் வேண்டாம்.

என் பேத்தியும் இந்த வருடம் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். பாடத்தைத் தமிழில் சொல்லி முடித்ததும், பத்திரிகைத் தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவள் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். இருவரில் அவன்தான் மெதுவாகப் படிக்கிறான்.