வார் இல்லாத சேணம்

ஹங்கேரி நாட்டுச் சமவெளியில குதிரை மேய்ச்சவங்களைப் பத்தி யார் எழுதினாலும் ஒரே பல்லவிதான். காத்து மாதிரி சுதந்திரம், கையில நீளச் சாட்டை, சத்திரத்துல காத்திருக்கிற பொண்ணு. படிக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒப்பலைங்க.

ஹோர்டோபாஜ் புல்வெளியில மேய்ஞ்ச குதிரைகள் மேய்க்கிறவனோடது இல்லை. பெரும்பாலும் டெப்ரெட்சென் ஊர்க்காரங்களோடது. ஏப்ரல் 24, புனித ஜார்ஜ் நாளன்னைக்கு மந்தையை ஓட்டிக்கிட்டுப் போனா அக்டோபர் 26 வரைக்கும் வெட்டவெளிதான். மாடு, ஆடு, பன்றி மேய்க்கிறவங்களை விட 'சிக்கோஷ்'னு சொல்ற குதிரைக்காரனுக்குத்தான் மரியாதை அதிகம். ஆனா அவனும் கூலிக்காரன்தான். மரியாதையை வெச்சு நிலம் வாங்க முடியுமா?

அவன் தொழில் திறமையில எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கோஷோட சேணத்துக்கு வயித்தைச் சுத்திக் கட்டுற வாரே கிடையாது. முதுகுல போட்டதும் ஏறிடலாம். விழாம இருக்கிறது தொடை பலத்துல. குதிரையைத் தரையில படுக்க வைக்கவும் பழக்குவாங்க, மரமே இல்லாத வெளியில மறைவுக்கு வேற வழி ஏது! இன்னைக்குச் சுற்றுலாக்காரங்க கைதட்டுறது வேற வித்தைக்கு. ரெண்டு குதிரை முதுகுல நின்னுக்கிட்டு முன்னால மூணை ஓட்டுவாங்க. அது லுட்விக் கோக்னு ஒரு ஆஸ்திரிய ஓவியர் கற்பனையா வரைஞ்ச படத்துல இருந்து வந்தது. மந்தை மேய்க்க அது எதுக்குங்க?

காதலும் அப்படித்தான். பொண்ணு கேக்கப் போறவன், 'சூர்'ங்கிற பூவேலை செஞ்ச கம்பளி மேலங்கியை அந்த வீட்டுல மறந்த மாதிரி விட்டுட்டு வருவான். விடிஞ்சதும் அது வெளியில தொங்கினா, பொண்ணு இல்லைன்னு அர்த்தம். வாயைத் திறந்து ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்லை, ஊரே பார்த்துடும். ஒருத்தரை வெளியேத்தினா 'அவன் சூரை வெளியே வெச்சாச்சு'ன்னு அங்க இன்னும் சொல்றாங்க. சத்திரத்துக் காதல் கதையை விட எனக்கு இந்த அங்கிதான் மனசுல நிக்குது.

1846ல் திசா ஆத்துக்குக் கரை கட்ட ஆரம்பிச்சாங்க. வெள்ளம் பாஞ்ச மேய்ச்சல் நிலம் காய்ஞ்சு, நிறைய இடம் ஏருக்குப் போச்சு. மிச்சம் இருந்த ஹோர்டோபாஜ் 1973ல் தேசியப் பூங்கா ஆச்சு, 1999ல் யுனெஸ்கோ பட்டியலுக்கும் வந்துடுச்சு. வித்தை காட்டுறதை நிறுத்தச் சொல்லலை, அதுவும் இன்னைக்கு நாலு பேருக்குச் சோறு போடுது. ஆனா காட்டுறவங்க குதிரை யாரோடது, மேய்ச்சவனுக்குக் கூலி என்னங்கிறதையும் சேர்த்துச் சொல்லட்டும்.