கொதிப்பு சோம்பல் அன்று

பேராக் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் ரப்பர் நிரையில் இன்றும் கத்தி பிடிக்கும் தாய்மாரில் ஐம்பதை நெருங்கியவர்கள் உண்டு. மாதவிலக்கு நிற்பது பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைய, உடற்சூட்டை நடத்தும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. திடீரென நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் ஏறும், வேர்த்துக் கொட்டும், சில நிமிடத்தில் அடங்கும். இரவில் வந்தாலோ உறக்கம் போச்சு. அப்படி விழித்திருந்தவள், விடியுமுன் பெரட்டுக்கு வந்து, நிரையில் சற்றே உட்கார்ந்தால் 'சோம்பல்' என்கிறார்கள். செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நாமும் அவ்வாறு நினைத்தவர்களே. வெட்கந்தான்!

பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். நல்லது. ஓய்வு வயதை 2013 ஜூலையிலேயே 60 ஆக்கிவிட்டார்கள். ஆகவே இந்தக் கொதிப்புக் காலம் முழுவதும் வேலைக்காலத்தில்தான் கழிகிறது. அதற்கென்று தனி விடுப்பு சட்டத்தில் இல்லை.

நாம் நிர்வாகத்திடம் கேட்பது பெரிதன்று: நிரையில் குடிதண்ணீர், அனல் அடங்கும்வரை ஓய்வு, மருத்துவரைக் காணும் நாளுக்குச் சம்பளம்.

தாய்மார்களே, கொசுவுக்காகப் போடும் முழுக்கைச் சட்டை பருத்தியாய் இருக்கட்டும். காரமும் காப்பியும் குறைத்தால் சிலருக்குக் குணம் தெரியும். தாங்கமுடியாவிட்டால் ஹார்மோன் மருந்து உண்டு; மார்புப் புற்றுநோய் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. கடை லேகியத்துக்கு வெள்ளியைக் கொட்டுமுன் அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள். விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் இரத்தம் கண்டால் மட்டும் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.