எகிறிய ரேம் விலை: கம்மி பட்ஜெட் கேமிங் பிசிக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது பிராசஸரா, மதர்போர்டா?

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘எந்த பிராசஸர் போடலாம்?’ என்பதுதான். 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, அந்தக் கேள்வியின் வரிசையே மாறிவிட்டது. மொத்த பில்லை இப்போது அதிகம் பாதிப்பது, எந்த வகை ரேம் போட வேண்டும் என்ற முடிவுதான். அந்த முடிவு மதர்போர்டிலேயே அடங்கிவிடுகிறது.

சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பொருந்தாத பாகத்தை அன்றைக்கே மாற்றிக்கொள்பவர்களுக்கு இது சின்ன விஷயம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் மீமிசல் போன்ற ஊரில் நிலைமை வேறு. பாகம் வேண்டும் என்றால் அறந்தாங்கி, புதுக்கோட்டை, காரைக்குடி என்று பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். பிராசஸர் ஒரு கடை, போர்டு ஒரு கடை, ரேம் ஒரு வெப்சைட் என்று வாங்கி, கடைசியில் ஒன்றுக்கொன்று சேரவில்லை என்றால் அலைச்சல், கூரியர் செலவு எல்லாமே வாங்கியவர் தலையில்தான்.

அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும்?

ரேம் விலை ஏன் ஏறியது?

உலகத்துக்கான மெமரி சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களுக்கு அதிவேக மெமரி மலைபோல் தேவைப்படுகிறது. அதில் லாபமும் அதிகம். அதனால் தொழிற்சாலைகளின் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்ப, வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேம் சந்தையில் குறைந்துபோனது.

2025 டிசம்பர் 3-ம் தேதி, ‘குருஷியல்’ என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த வியாபாரத்திலிருந்தே வெளியேறுவதாக மைக்ரான் அறிவித்தது. 2025 நடுப்பகுதியில் அமெரிக்கக் கடைகளில் சுமார் 100 டாலருக்குக் கிடைத்த 32 ஜிபி டிடிஆர்5 ரேம் ஜோடிகள் பலவும், ஆண்டு இறுதியில் 300 டாலரைத் தாண்டின. இந்தியச் சந்தையும் அதே பாதையில்தான் போனது.

2025 செப்டம்பர் 22-ல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றமும் இதில் கைகொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஏற்கெனவே இருந்த 18 சதவிகித வரி அப்படியே தொடர்கிறது.

மதர்போர்டை ஏன் முதலில் முடிவு செய்ய வேண்டும்?

டிடிஆர்4 ரேமை டிடிஆர்5 ஸ்லாட்டில் செருக முடியாது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின் அமைப்பும் வேறு. ஆக, போர்டை வாங்கிய நிமிடமே ரேம் வகையும் முடிவாகிவிடுகிறது. பட்ஜெட் கேமிங்குக்கு இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-ல் முதல் ரைசன் பிராசஸர்கள் வந்த அதே சாக்கெட். டிடிஆர்4 மட்டுமே ஏற்கும். ஏ520, பி450, பி550 போர்டுகள் இந்த வகை. ரைசன் 5 5500, 5600, 5600ஜி ஆகியவை இதில் பொருந்தும்.

இரண்டு, இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட். 12, 13, 14-ம் தலைமுறை பிராசஸர்களுக்கானது. ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் ஆகியவை பட்ஜெட்காரர்களின் தேர்வு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே ‘எச்610’ பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெட்டியில் எந்த ரேம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மூன்று, 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்டியின் ஏஎம்5. டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். ஏ620, பி650 போர்டுகளும் ரைசன் 5 7500எஃப் போன்ற பிராசஸர்களும் இதில் அடங்கும். இந்த சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

அப்படியென்றால் எதை எடுப்பது?

வீட்டில் பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்4 ரேம் இருந்தாலோ, நம்பகமான ஆளிடம் செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலோ, முதல் இரண்டு வழிகளில் கணிசமான பணம் மிச்சமாகும். ஆனால் ‘டிடிஆர்4 பழசு, அதனால் சல்லிசா கிடைக்கும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. அதன் உற்பத்தியை நிறுவனங்கள் குறைத்துவருவதால் புது டிடிஆர்4 விலையும் ஏறியிருக்கிறது. கையில் ரேம் இல்லாதவர்கள் இரண்டு வகை விலையையும் ஒரே நாளில் விசாரித்து, போர்டு, ரேம், பிராசஸர் மூன்றையும் சேர்த்த கூட்டுத்தொகையை ஒப்பிட வேண்டும். பிராசஸர் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

மூன்று நான்கு வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால், கூடுதல் பணம் போட்டு ஏஎம்5 எடுப்பதில் அர்த்தம் உண்டு. ‘வாங்கினா வாங்கினதுதான், ஆறு வருஷம் அதுதான் ஓடணும்’ என்ற வீட்டுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை. அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போனால் விளையாட்டில் வித்தியாசம் உடனே தெரியும்.

பெயரில் இருக்கும் சூட்சுமம்

இன்டெல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்று இருந்தால் அந்த பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் திரையில் படமே வராது. ‘கார்டு அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கலாம்’ என்று திட்டமிடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ரைசன் 5 5500, 5600, 7500எஃப் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

கார்டு இல்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு 5600ஜி, ஏஎம்5-ல் 8600ஜி போன்றவை உண்டு. வேலோரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளை இவை சமாளிக்கும். ஆனால் இவற்றின் கிராபிக்ஸ், கம்ப்யூட்டரின் ரேமையே கடன் வாங்கி வேலை செய்கிறது. அதனால் ஒரே ரேமாகப் போடாமல் இரண்டு ரேமாகப் போட்டால்தான் முழு வேகம் கிடைக்கும். ஒரு காலத்தில் மிகச் சிக்கனமாக இருந்த இந்த வழியையும் ரேம் விலை உயர்வு நேரடியாக அடித்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கம்: 5500, 5600ஜி இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டுக்கான பாதை பழைய பிசிஐஇ 3.0. 5600-ல் 4.0, அதன் கேஷ் மெமரியும் 32 எம்பி, மற்ற இரண்டில் 16 எம்பி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற, நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும் மலிவு கார்டுகளை 3.0 அமைப்பில் போட்டால் வேகம் கண்கூடாகக் குறையும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 5600-ஐ எடுப்பதே லாபம். ஏ520 போர்டு பிசிஐஇ 3.0 மட்டுமே தரும் என்பதால், 5600-க்கு பி550 ஜோடிதான் பொருத்தம்.

‘ஐ7 கேமிங் பிசி’ விளம்பரத்தில் என்ன பிரச்னை?

சமூக வலைதளங்களில் ‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம்’ என்று மலிவு விலையில் வரும் விளம்பரங்களில் பல, 2012 காலகட்டத்து மூன்றாம் தலைமுறை பிராசஸர்கள். ‘ஐ7’ என்ற பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. 2022-ல் வந்த ஐ3-12100எஃப், அந்தப் பழைய ஐ7-ஐ விட மிக வேகமானது.

வேகத்தை விடப் பெரிய சிக்கல் வேறு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெலில் குறைந்தது 8-ம் தலைமுறையும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலோரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் தேவை. 2025-ல் வந்த பேட்டில்ஃபீல்டு 6 விளையாட்டும் செக்யூர் பூட் கேட்கிறது. பழைய போர்டில் இந்த வசதிகள் இல்லை என்றால், பிள்ளை ஆசையாகக் கேட்ட விளையாட்டே திறக்காமல் போகலாம்.

மேலே சொன்ன மூன்று வழிகளிலும் இந்த வசதி உண்டு. சில போர்டுகளில் பயாஸ் செட்டிங்கில் போய் ‘ஆன்’ செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மீமிசலில் இருப்பவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

பயாஸ்: பழைய ஸ்டாக் பி450 போர்டில் புது 5000 வரிசை பிராசஸரைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம். போர்டின் மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேறொரு பழைய பிராசஸர் தேவைப்படும்; ஊரில் அதை யாரிடம் போய்க் கேட்பது? ‘பயாஸ் ஃபிளாஷ்பேக்’ பட்டன் உள்ள போர்டு என்றால் பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் பிராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, ஓட விட்டுப் பார்த்த பிறகு எடுத்து வருவது நல்லது.

வாரண்டி: பெட்டியில் வரும் பிராசஸருக்குப் பொதுவாக மூன்று வருட கம்பெனி வாரண்டி உண்டு. ‘டிரே’ என்று சொல்லி பெட்டியில்லாமல் விற்பதற்குக் கடைக்காரர் கொடுக்கும் வாரண்டிதான். அதை பில்லில் எழுதி வாங்க வேண்டும். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மதர்போர்டு வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லுபடியாகும்.

உப்புக் காற்று: கடலோரத்தில் ஈரமும் உப்பும் கலந்த காற்று, போர்டின் உலோக இணைப்புகளை அரிக்கும். துருவும் நீர் சேதமும் பல நிறுவனங்களின் வாரண்டியில் சேராது. கேபினெட்டை கடல் காற்று நேராக அடிக்கும் ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது. மாதக்கணக்கில் ஓட விடாமல் மூடி வைப்பதும் ஈரம் தங்க வழி செய்யும்.

கரண்ட்: 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தின் பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. புயல் இல்லாத நாளிலும் வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதல் அடி வாங்குவது பவர் சப்ளை, அடுத்தது மதர்போர்டு. பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளையில் மிச்சம் பிடிப்பது, மொத்த கம்ப்யூட்டரையும் பணயம் வைப்பதற்குச் சமம். வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்வதற்கு ஆகும் செலவு, ஒரு ரேம் விலையை விடக் குறைவு.

பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

கடைக்காரரிடமோ ஆன்லைன் பக்கத்திலோ இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு பணம் கொடுக்கலாம். போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? இந்த பிராசஸருக்கு பயாஸ் தயாராக இருக்கிறதா? பிராசஸரில் கிராபிக்ஸ் உண்டா? டிபிஎம் 2.0, செக்யூர் பூட் உண்டா? வாரண்டி யாருடையது, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்?

இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்தால் ரேம் விலை இறங்குமா என்பது பலரின் கேள்வி. புதிய சிப் தொழிற்சாலை கட்டி உற்பத்திக்கு வர வருடக்கணக்கில் ஆகும் என்பதால், சீக்கிரம் பழைய விலைக்குத் திரும்பும் என்று கணக்குப் போட முடியாது. கல்லூரி வேலைக்கும் சேர்த்து கம்ப்யூட்டர் இப்போதே தேவை என்றால், இரண்டு ரேம் ஸ்லாட்டுக்குக் குறையாத போர்டாகப் பார்த்து, ஒரு ரேமுடன் தொடங்கலாம். இரண்டாவது ஸ்லாட்டை விலை இறங்கும் நாளுக்காக விட்டு வைக்கலாம். 5600ஜி, 8600ஜி போட்டு கார்டு இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு ரேம் முதல் நாளிலிருந்தே அவசியம்.