கம்பைலர் கேட்கும் காலம்

மூலநிரலைக்கொண்டு தம் கணினிக்குரிய இயங்குதளத்தைத் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள், புதிய பதிப்புக்கு மாறும்போது அதே கட்டளை முன்னைக்காட்டிலும் வெகுநேரம் ஓடக் கண்டு, வன்தட்டில் பழுதோ, நினைவகத்தில் கோளாறோ என்று சஞ்சலப்படுவதுண்டு. பழுது ஒன்றுமில்லை. பெர்க்லி யூனிக்ஸின் பரம்பரையில் 1993-இல் தோன்றிய ஃப்ரீபிஎஸ்டியில் இந்தத் தாமதத்துக்குப் பிரதான காரணம், மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவாக மாற்றும் கம்பைலரே.

முன்பு அது பயன்படுத்திய ஜிசிசி கம்பைலரின் உரிமம் 2007-இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது, அந்த நிபந்தனைகளை ஏற்க விரும்பாத ஃப்ரீபிஎஸ்டி, ஜிசிசியின் 4.2.1 பதிப்போடு நின்றுவிட்டது. பின்பு எல்எல்விஎம் திட்டத்தின் கிளாங் என்னும் கம்பைலரைத் தழுவி, 2014 ஜனவரியில் வெளிவந்த 10.0 பதிப்பில், சாதாரண மேசைக்கணினிகளுக்கு அதையே முதன்மைக் கம்பைலராக்கிற்று. கிளாங்கோ சி++ மொழியில் எழுதப்பட்ட மகா விஸ்தாரமான நிரல். அதன் ஒவ்வொரு கோப்பும் எண்ணற்ற தலைப்புக் கோப்புகளை இழுத்துக்கொண்டு வருவதால், ஒரு சிறு பகுதியைத் தொகுப்பதற்கே கணினி ஏராளமான வரிகளை வாசித்துத் தீர வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பெரிய நிரலை ஒருமுறையன்று, இருமுறை தொகுக்க நேர்வதுதான் விஷயத்தின் சூட்சுமம். இயங்குதளத்தைக் கட்டும் ‘பில்ட்வேர்ல்ட்’ கட்டளை, கணினியில் ஏற்கெனவே நிறுவியுள்ள கம்பைலரும் மூலநிரலில் உள்ளதும் ஒரே பதிப்பா என்று முதலில் பார்க்கிறது; ஒன்றேயானால் இருப்பதைக்கொண்டே வேலையைத் தொடங்கிவிடும்; வேறானால், பழைய கம்பைலரால் புதியதைக் கட்டி, அந்தப் புதியதால் இயங்குதளம் முழுவதையும் கட்ட, அதன் அங்கமான கம்பைலரும் மறுபடி ஒருமுறை தொகுக்கப்படுகிறது. முன்பு சேமித்துவைத்த இடைக்கோப்புகளும் அப்போது பயனற்றுப் போகின்றன.

ஆகையால் கம்பைலரையே அடிப்படைத் தொகுதியிலிருந்து நீக்கிவிடலாமே என்பாரும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தன்னைத் தானே கட்டிக்கொள்ள வேண்டிய கருவிகளையெல்லாம் ஒரே மூலமரத்தில் வைத்திருப்பது இந்த இயங்குதளத்தின் தனிப்பெருமை. சில மணிநேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்த ஸ்வாதீனத்தை இழப்பது நஷ்டமான வியாபாரம். ஆனால் பழைய, சிறிய கணினி ஒன்றையே நம்பியிருக்கும் மாணவனுக்கு இரவெல்லாம் காத்திருப்பது மெய்யான சிரமம். மூலநிரலோடு வரும் ‘அப்டேட்டிங்’ என்னும் குறிப்புக் கோப்பில் கம்பைலரின் பதிப்பு உயர்ந்ததை அறிவிக்கும்போது, இம்முறை நேரம் கூடும் என்று ஒரு வரி சேர்ப்பது நியாயம். வேகமான கணினியொன்றில் கட்டி, வலையமைப்பின் வழியே மற்றவற்றில் நிறுவிக்கொள்ளும் வசதி நெடுநாளாகவே உள்ளதென்பதையும் அவ்விடத்திலேயே சொல்லிவிடலாம்.